குளியலறை வாசலில் இரண்டு ஜோடி

அத்தியாயம் 9

"அண்ணி, பிணத்துக்குக் கட்டற மாதிரி கட்டியிருக்கேனாம்" என்றாள் சண்முகப்ரியா.

ஜப்பானிய முறையில் நடக்கும் அந்த மலை விடுதியின் தாழ்வாரத்தில் நீலநிறப் பருத்தி அங்கியோடு நின்றிருந்தாள். விடுதியின் உரிமையாளர் மிசஸ் மொரிதா ஓடி வந்து, அங்கியின் இடப்பக்கம் மேலே வரும்படி பிரித்துக் கட்டிவிட்டார். அவருக்கு எழுபது வயதிருக்கும். யுகாத்தா என்பது அந்த அங்கியின் பெயர். வலப்பக்கம் மேலே வந்தால் இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை ஆகிவிடும் என்று மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொல்லி, இரண்டு முறை தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"அண்ணி, நம்ம கேஸ் ஃபோட்டோல அந்த மாமியும் வலது பக்கம்தாங்க மேல போட்டிருந்தாங்க. க்ளூ!"

"நீயும்தான் அப்படிக் கட்டினே. நீ யாரைக் கொன்னே?"

"மதனை இன்னும் கொல்லலை. லிஸ்ட்ல இருக்காரு."

மதன் அவள் கணவன். ப்ரியா என் நாத்தனார். என் துப்பறியும் அலுவலகத்தின் ஒரே ஊழியரும் அவள்தான். அவள் அண்ணன் இளமாறன் என்னை விட்டுவிட்டு நியூ ஜெர்சிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் போனான், இவள் போகவில்லை. "எங்கண்ணன் விட்டுட்டுப் போனதுல உருப்படியான சாமான் நீங்க ஒருத்தர்தானுங்க அண்ணி" என்று ஒரு நாள் சொன்னாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அந்த இரண்டு வருடத்தைப் பற்றி யாராவது கேட்டால், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத்தான் சொல்வேன். தொட்டால் தெரிகிறது. வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி.

மூன்று வாரங்களுக்கு முன்பு இந்த விடுதியில்தான் அனந்தராமன் இறந்துபோனார். ஐம்பத்தெட்டு வயது, ஃப்ரீமாண்ட்டில் வீடு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. மனைவி ஷ்யாமளாவோடு வார இறுதிக்கு வந்தவர், ஞாயிறு காலை தனிக் குளியலறையின் வெந்நீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடந்தார். ஷெரிஃபிடம் ஷ்யாமளா சொன்னது சுருக்கமானது. ஆறு மணிக்கு இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். ஆறரைக்குக் கொஞ்சம் முன்னால் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அறைக்குப் போய் எடுத்துவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

முடிக்காதவள் அவர்கள் மகள் அதிதி. ரவுண்ட் ராக் என்ற தூரத்து ஊரில் வேலை. அலுவலக வேலையாக அந்த வாரம் இந்தப் பக்கம் வந்திருந்தவள், காரியங்களுக்காகத் தங்கிவிட்டு, இந்த வியாழக்கிழமை என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அம்மா அழவே இல்ல ஆன்ட்டி. நாட் ஒன்ஸ். பதிமூணு நாள் முடிஞ்ச மறுநாளே அப்பாவோட ஷர்ட் எல்லாத்தையும் டொனேட் பண்ணிட்டா. அந்த இடத்தை புக் பண்ணினதே அவதான். லைஃப்ல அவ எதையுமே புக் பண்ணினதில்ல."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்கறதை வாயால சொல்ல முடியல." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "சண்டே ஈவினிங் எனக்கு ஃப்ளைட். அதுக்குள்ள சொல்லுங்க. அம்மா ஏதாவது பண்ணியிருந்தா நான் இந்த வீட்டுக்குத் திரும்ப வர மாட்டேன். பண்ணலைன்னா, இப்படி நினைச்சதுக்காக அவ கால்ல விழுந்துட்டுப் போறேன்."

அப்பா இறந்த அன்று காலை பத்து மணிக்கு விடுதிக்கு வந்து சேர்ந்தபோது தன் போனில் எடுத்த படங்களை எல்லாம் எனக்கு அனுப்பியிருந்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குளியலறைக் கதவு, தொட்டி, தாழ்வாரம். தாழ்வாரத்துப் படியில் யுகாத்தாவும் போர்வையுமாக, வெறுங்காலோடு அவள் அம்மா.

இன்று சனிக்கிழமை. அதே அறையைக் கேட்டு வாங்கியிருந்தோம்.

மிசஸ் மொரிதா எங்களுக்குத் தரையில் பாய்விரித்த அறையைக் காட்டினார். தாழ்வாரத்தின் மறுகோடியில், பன்னிரண்டு அடி தள்ளி, அந்தத் தனிக் குளியலறை.

"அன்னிக்குக் காலைல இந்தப் பக்கம் வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"வந்தேன். ஆறு பத்துக்கு. குளியலறை வாசலில் இரண்டு ஜோடி செருப்பு இருந்தது. ஷெரிஃபிடமும் அதைத்தான் சொன்னேன்."

விடுதிக்குள் நுழைந்ததும் வெளிச்செருப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே நடக்க அவர்களே தோல் செருப்புக் கொடுக்கிறார்கள். அதையும் அறை வாசலிலும் குளியலறை வாசலிலும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எனவே வாசலில் எத்தனை ஜோடியோ, உள்ளே அத்தனை பேர்.

"இதைவிட நல்ல சிசிடிவி கிடையாதுங்க அண்ணி" என்றாள் ப்ரியா.

"ஒரு ஜோடிதான் இருந்திருந்தா?" என்று மிசஸ் மொரிதாவைக் கேட்டேன்.

அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "வயதானவர் தனியாகக் குளித்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டுவேன். என் அம்மா காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அன்று இரண்டு ஜோடி. கணவனும் மனைவியும் இருக்கும்போது தட்டுவது மரியாதை இல்லை. போய்விட்டேன்."

மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு. எங்களுக்காக மீனில்லாமல் பதினோரு சின்னக் கிண்ணங்களில் எதையெதையோ வைத்திருந்தார்கள். ப்ரியா ஒவ்வொன்றையும் முகர்ந்து, "இது கத்தரிக்கா. இது யாருன்னு தெரியலை. இது பொங்கலோட பெரியப்பா பையன்" என்று அறிமுகப்படுத்தினாள். சாப்பிட்டுத் திரும்பியபோது அறையில் இரண்டு மெத்தைகள் விரித்து, தலையணை வைத்து, போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தன. விரித்தவர் யாரென்று தெரியவில்லை. எனக்காகக் கடைசியாக ஒருவர் படுக்கை விரித்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். பதில் வராததால் படுத்துக்கொண்டேன்.

காலையில் ப்ரியாவை எழுப்பினேன். "ஆறு மணிக்கு நீ தொட்டில இறங்கு. ஷ்யாமளா சொன்ன மாதிரியே. நான் ரூம்ல இருந்து நேரம் பாக்கறேன்."

"நான் யாருங்க? மாமியா, மாமாவா?"

"மாமா."

"செத்துப்போற ரோல்தான் எப்பவும் எனக்கு" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒரு பெண் சத்தமில்லாமல் கதவை நகர்த்தி, தட்டில் தேநீர் வைத்துவிட்டுப் போனாள். பிடியில்லாத கோப்பை. இரண்டு கையாலும் எடுத்தேன். சூடு என்று தெரிந்தது. சன்னலுக்கு வெளியே மேப்பிள் மரத்தில் புது இலைகள் வந்திருந்தன. அழகு என்பதும் தெரிந்தது.

"அண்ணி!"

ப்ரியாவின் குரல். சோப்பு மறந்திருப்பாள்.

"அண்ணி, இங்க வாங்க!"

இன்னொரு வாய் குடித்தேன்.

"அண்ணீ!"

கோப்பையில் பாதி மீதி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொன்றும் காதருகில் கூப்பிட்டதுபோலக் கேட்டது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. சோம்பலோ கோபமோ இல்லை. குரல் வந்து சேர்ந்தது. குரலுக்கும் காலுக்கும் நடுவே இருக்கவேண்டிய ஏதோ ஒன்று இல்லை.

கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

ப்ரியா துண்டைச் சுற்றிக்கொண்டு, கல் பலகையில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அழுகிய முட்டை வாசனையோடு ஆவி எழுந்தது.

"நாசமாப் போச்சுங்க அண்ணி! எங்க மாமியார் சேலத்துல பாத்துப் பாத்து வாங்கினது. கால் மணி நேரத்துல கரிக்கட்டை ஆயிருச்சு, பாருங்க!"

அவள் கால்விரலில் மெட்டி கன்னங்கரேலென்று இருந்தது.

"தண்ணில கந்தகம் இருக்கு. வெள்ளியைக் கழட்டிடுங்கன்னு சுவர்ல போர்டு வெச்சிருக்கே, படிக்கலையா?"

"படிச்சனே! கம்மல், வளையல், செயின் எல்லாத்தையும் கூடையில போட்டேன். மெட்டி ஞாபகமே வரலீங்க. அதை யாரு நகைன்னு நெனைப்பா? அது கால் மாதிரி."

என் போனை எடுத்தேன். அதிதி அனுப்பிய படம். தாழ்வாரத்துப் படி, போர்வை, வெறுங்கால். விரலால் பெரிதாக்கினேன். ஷ்யாமளாவின் இரண்டு கால்களிலும் மெட்டி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அவர் கணவர் இறந்து நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. யாரும் உட்கார்ந்து மெட்டி துலக்கியிருக்க மாட்டார்கள்.

ப்ரியா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அட கடவுளே! மாமி தண்ணிலயே இறங்கலை!"

"மெதுவாப் பேசு."

"கழட்டி வெச்சுட்டுக் குளிச்சிருந்தா?"

"நீ கழட்டினியா?"

"சரிதான்." கொஞ்சம் யோசித்தாள். "இந்த ஊர் போலீஸுக்குக் கால் விரல்ல மோதிரம் போடுவாங்கன்னே தெரிஞ்சிருக்காது. ஆனா அண்ணி, செருப்பு? ரெண்டு ஜோடி இருந்துச்சே. இறங்காத மாமியோட செருப்பு வாசல்ல என்ன பண்ணுது?"

கதவுக்கு வெளியே பார்த்தேன். ஒரே ஜோடி. ப்ரியாவுடையது. பிறகு என் காலைப் பார்த்தேன். வெறுங்கால். அறை வாசலில் செருப்பு இருக்கிறது என்ற நினைவே இல்லாமல் பன்னிரண்டு அடியும் அப்படியே ஓடி வந்திருந்தேன்.

"வீட்டுக்குள்ள நாம செருப்புப் போடுவமா ப்ரியா?"

"எங்க பொள்ளாச்சி வீட்டுல போட்டா எங்கப்பா வெளக்குமாத்தை எடுப்பாரு."

"அதான். ஷ்யாமளா இங்க வரைக்கும் செருப்போட வந்திருக்காங்க, எல்லாரும் போட்டிருக்காங்கன்னு. உள்ள வந்து அவர் துணியை வாங்கி வெச்சுட்டு, திரும்பிப் போறப்ப பழக்கம் வந்துருச்சு. வெறுங்கால். செருப்பு இங்கயே நின்னுருச்சு."

மிசஸ் மொரிதா அந்த இரண்டு ஜோடியைப் பார்த்துத்தான் கதவைத் தட்டாமல் போனார் என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

"அதை மாமிகிட்ட சொல்லுவீங்களா?" என்றாள்.

"மாட்டேன்."

மலை இறங்கி ஃப்ரீமாண்ட் சேர மூன்று மணி நேரம். ப்ரியா காரை ஓட்டினாள். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் மூணு தடவை கூப்பிட்டேனுங்களே அண்ணி. காதுல விழலையா?"

"விழுந்துது" என்றேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, ஃப்ரீவேயைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அதிதியின் பெட்டி இன்னும் வாசல் நடைக்கு வந்திருக்கவில்லை. அவள் இன்னும் மாடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஷ்யாமளாதான் கதவைத் திறந்தார். ஐம்பத்து நாலு வயது. தலை பின்னி, புடவை மடிப்புக் கலையாமல், எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு இருந்தார்.

"வாங்கோ. காபி கலக்கறேன்."

சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். அவர் டிகாக்‌ஷனை ஊற்றும்போது கேட்டேன்.

"அன்னிக்குக் காலைல நீங்க தண்ணில இறங்கவே இல்ல. இல்லையா?"

ஊற்றும் கை நிற்கவில்லை. மூன்று டம்ளரும் நிறைந்த பிறகுதான் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"யார் சொன்னா?"

"உங்க மெட்டி."

படத்தைக் காட்டினேன். கந்தகத் தண்ணீர் வெள்ளியை என்ன செய்யும் என்று சொன்னேன். ப்ரியா தன் காலை மேசைக்கு வெளியே நீட்டிக் காட்டினாள். ஷ்யாமளா குனிந்து அக்கறையோடு பார்த்தார்.

"அடடா. கொஞ்சம் புளியும் விபூதியும் வெச்சுத் தேயும்மா, போயிடும்" என்றார். பிறகு, "செருப்பு ரெண்டு ஜோடி இருந்துதுன்னு அந்த லேடி சொன்னாளே?"

"திரும்பிப் போறப்ப வெறுங்காலோட போயிருக்கீங்க."

யோசித்தார். "ஆமா. போயிருப்பேன். ஆத்துக்குள்ள எதுக்குச் செருப்பு?"

அவ்வளவுதான். மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"அந்த இடத்தை ஏன் புக் பண்ணினேன்னு அதிதி கேட்டிருப்பா. ஒரு வீடியோ பாத்தேன். சாப்ட்டுட்டு வரச்சே படுக்கை விரிச்சிருப்பான்னு அதுல சொன்னா. அதுக்காகத்தான். போன அன்னிக்கு ராத்திரி அந்தப் படுக்கையைப் பாத்துண்டே நின்னேன். நான் விரிக்கலை. அவர்தான், என்ன நிக்கறே, படுன்னார்." காபியைத் தொடவில்லை. "காலைல அவரைக் குளிக்கற இடத்துல கொண்டுபோய் விட்டேன். தனியா விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். துணியை வாங்கி மடிச்சு வெச்சேன். அந்தப் பொண்ணு ரூமுக்கு டீ கொண்டுபோறது தெரிஞ்சது. யாரோ எனக்குப் போட்ட டீ. ஆறிடுமே, ஒரு வாய் குடிச்சுட்டு வந்துடறேன்னேன்."

"அப்புறம் கூப்பிட்டார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எப்படி அறிந்தேன் என்று கேட்கவில்லை.

"மூணு தடவை."

மாடியில் பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. நான் ஒரு நாற்காலியை நகர்த்திப் போடுவதுபோல அடுத்த வாக்கியத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"துண்டுக்குக் கூப்பிடறார்னு நினைச்சிருப்பீங்க."

ப்ரியா வேகமாகத் தலையாட்டினாள். "அதானே! துண்டுக்குத்தான் இருக்கும்!"

ஷ்யாமளா அதில் உட்காரவில்லை.

"மொதல் தடவை அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவது தடவையும். மூணாவது தடவை அந்தக் குரல் வேற மாதிரி இருந்துது. இருபத்தெட்டு வருஷம் கேட்ட குரலாச்சே, எனக்குத் தெரியாதா? என்னமோ ஆயிடுத்துன்னு தெரிஞ்சுது. எழுந்துக்கணும்னும் தெரிஞ்சுது. கப்பைக் கீழ வெக்கணும், அவ்வளவுதான். வெக்கலை."

ப்ரியா மேசை விரிப்பின் பூவை விரலால் தடவினாள்.

"அவரைப் பிடிக்காதுங்களா மாமி?" என்று கடைசியில் கேட்டாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்ல மனுஷர்தான். கூப்பிடுவார், போவேன். பிடிக்கறதா இல்லையான்னு யோசிச்சதில்லை." விரலால் டம்ளரின் விளிம்பைத் துடைத்தார். "டீ முடிஞ்சதும் போனேன். அப்பத்தான் கத்தினேன். அந்தப் போலீஸ்காரப் பையன், நீ கூட இருந்தியான்னு கேட்டான். இல்லைன்னா, ஏன் இல்லைன்னு கேப்பான். எனக்கே தெரியாததை அவனுக்கு என்னத்தைச் சொல்றது? இருந்தேன்னுட்டேன்."

"முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க. வேற யார்கிட்டயும் பேசறதுக்கு முன்னாடி."

"அதிதிகிட்ட என்ன சொல்லப் போறேள்?"

அதைத்தான் நான் காரில் மூன்று மணி நேரம் யோசித்திருந்தேன். துண்டுக்கதையை நானே சொல்லிவிடலாம். அந்தப் பெண் அம்மா காலில் விழுந்துவிட்டு விமானம் ஏறிவிடுவாள். பண்டிகைக்கு வருவாள். இவர் அவளுக்குச் சமைத்துப் போடுவார், அவள் கூப்பிட்டால் போவார். யாருக்கும் எதுவும் வலிக்காது. வலிக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தண்ணில அவர் மட்டும்தான் இருந்தார்ங்கறது நான் கண்டுபிடிச்சது. அதை அவகிட்ட சொல்லியாகணும். மூணாவது தடவை கூப்பிட்டது எந்தச் செருப்புலயும் இல்ல, எந்த மெட்டிலயும் இல்ல. அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு இறங்கியது. அதிதி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். பயணத்துக்கான ஸ்வெட்டர், கையில் போன். எங்களைப் பார்த்தாள், பிறகு தன் அம்மாவை.

"ஸோ?" என்றாள் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஷ்யாமளா எழுந்து நின்றார்.

"நான் அப்பாவோட தண்ணில இல்லை அதிதி. ரூம்ல டீ குடிச்சுண்டு இருந்தேன். அப்பா கூப்ட்டார். போகலை. மூணாவது தடவை என்னமோ ஆயிடுத்துன்னு தெரிஞ்சும் போகலை."

வீட்டு எண்ணையும் தெருவின் பெயரையும் சொல்லுகிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

அதிதி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அவள் கையில் போன் ஒலித்தது. வாசலில் வாடகைக் கார் வந்து நிற்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. அவள் போனைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். பெட்டியின் பிடியில் இருந்த கை இறுகியது.

"வை டிட் யூ டெல் மீ?" என்றாள் அம்மாவிடம். "ஆன்ட்டி அதைக் கண்டுபிடிச்சிருக்கவே முடியாதே. நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"நீ கேட்டியே."

"நான் உன்னைக் கேக்கல. இவங்களைத்தான் கேட்டேன்."

"ஆமா" என்றார் ஷ்யாமளா. "என்னை யாரும் கேக்கலை."

கார் ஒருமுறை ஹாரன் அடித்தது. அதிதி போனில் எதையோ அழுத்தினாள். சற்று நேரத்தில் அந்தக் கார் மெதுவாகத் தெருவில் திரும்பிப் போனது. அவள் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, சமையலறை வாசலிலேயே அதன்மேல் உட்கார்ந்தாள். மன்னிப்பு அவள் முகத்தில் எங்கும் இல்லை. கோபம் இன்னும் வந்து சேரவில்லை.

"மொதல் தடவை கூப்பிட்டப்போ மணி என்ன?" என்று கேட்டாள்.

"ஆறேகால் இருக்கும்."

"என்னன்னு கூப்பிட்டார்?"

நான் ப்ரியாவின் கையைத் தொட்டேன். அந்த வீட்டில் கேள்வி கேட்க வேண்டியவள் இனி நான் இல்லை. பெட்டியை ஒட்டிச் சுவரோரமாகக் கடந்து, வெளியே வந்து, கதவைச் சாத்தினோம். உள்ளே ஷ்யாமளா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் அந்தக் குரல் உடைவது கதவு வழியாகக் கேட்டது.